இறைச்சிக்கூடத்து நீரில் எதை அளக்கிறோம்?

இந்தியாவில் இறைச்சிக்கூடத்துக் கழிவுநீர் ஐந்து சோதனைகளில் தேறிவிட்டால் வெளியே விடலாம். அமில-காரத் தன்மை 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், கழிவைச் சிதைக்கப் பிடிக்கும் ஆக்சிஜனைச் சொல்லும் அளவுகளான பிஓடி 30, சிஓடி 250, மிதக்கும் திடப்பொருள் 50, எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்து 10 என்ற வரம்புகளைத் தாண்டக் கூடாது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 அக்டோபரில் அறிவித்த அளவுகள் இவை. முன்பு சிறிய கூடங்களுக்கு பிஓடி 500 வரை சலுகை இருந்ததை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த ஐந்தில் ஒன்றுகூட, அந்த நீரில் உயிரோடு இருப்பது என்ன என்று கேட்பதில்லை. அமெரிக்க விதி ஒரு படி மேலே போய், 100 மில்லிலிட்டரில் மலக்கோலிஃபார்ம் பாக்டீரியா 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த 400-இல் எத்தனை மருந்துக்குச் சாகாதவை என்பது அங்கும் கேள்வியில்லை.

கேட்க வேண்டிய காரணம் இருக்கிறது. மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019-இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 12.7 லட்சம் என்று 2022-இல் லான்செட் இதழில் வெளியான பெரும் மதிப்பீடு சொன்னது. ஆன்டிபயாடிக் என்றதும் நமக்கு மருத்துவமனை நினைவுக்கு வருகிறது; உண்மையில் உலகில் தயாராகும் இந்த மருந்துகளின் பெரும்பகுதி ஆடு, மாடு, பன்றி, கோழிகளுக்குப் போகிறது. 2010-இல் கால்நடைகளுக்குச் சென்ற அளவு சுமார் 63,000 டன் என்பது ஒரு மதிப்பீடு. நோய்க்காகக் கொடுப்பது அதில் ஒரு பங்குதான். நோய் வராமலிருக்கவும், தீவனத்தைக் குறைத்து எடையைக் கூட்டவும் கொடுப்பதும் உண்டு. அந்த மருந்துக்குப் பழகிய பாக்டீரியாக்கள் விலங்கின் குடலில் தங்கி, விலங்கோடு பயணம் செய்து, குடல் வெட்டப்படும் இடத்தில் தண்ணீருக்குள் வந்து சேர்கின்றன. பல ஊர்களில், பல பண்ணைகளில் வளர்ந்த விலங்குகள் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் வந்து கூடும் இடம் இது.

கோழி அறுக்கும் ஆலையில் தண்ணீர் போகும் வழியைப் பார்த்தால் விஷயம் விளங்கும். லாரியில் வரும் கூண்டுகளிலேயே தொடங்குகிறது. பயணத்தின் அலைச்சலில் கோழிகள் வழியெல்லாம் எச்சமிடும். மேல்கூண்டின் எச்சம் கீழ்க்கூண்டுக் கோழியின் இறகில் விழும். இறக்கியதும் கூண்டுகளைக் கழுவி வேறொரு பண்ணைக்கு அனுப்புவார்கள். கழுவிய நீரையே மீண்டும் சுழற்றிக் கழுவினால், ஒரு பண்ணையின் பாக்டீரியா அடுத்த பண்ணைக்குப் போகக் கூண்டே வாகனமாகிறது. அடுத்தது மின்சாரம் பாய்ச்சிய நீர்த்தொட்டி. தலைகீழாகத் தொங்கும் கோழிகளின் தலை அதில் நனைந்து மயங்குகிறது. ரத்தம் வடிந்த பிறகு சுடுநீர்த் தொட்டி. தோலோடு உடனே விற்கும் கோழியென்றால் இறகு தளர 50 முதல் 53 டிகிரி வரை போதும். உறைய வைப்பதற்கானது என்றால் 60 டிகிரியை ஒட்டிப் போவார்கள். 60 டிகிரியில் ஈ. கோலை வேகமாகச் சாகிறது. 52-இல் அப்படியில்லை; எச்சமும் கொழுப்பும் கலந்த குழம்பில் அது நெடுநேரம் தாங்கும். மற்றொரு குடல் பாக்டீரியாவான என்டரோகாக்கஸ் இன்னும் கெட்டி. ஆயிரக்கணக்கான கோழிகள் முங்கிய தொட்டியில் அடுத்த கோழியும் முங்குகிறது. பிறகு ரப்பர் விரல்கள் சுழன்று இறகைப் பிடுங்கும் இயந்திரம். அது தண்ணீரைத் திவலையாக்கிக் காற்றில் தெளிக்கிறது. பிறகு குடல் எடுப்பது. குடல் கிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் உள்ளும் புறமும் கழுவல், குளிர்விப்பு. அமெரிக்காவில் பெரும்பாலும் கிருமிநாசினி கலந்த பனிநீரில் குளிர்விக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் குளோரினில் கழுவிய கோழியை 1997 முதல் ஏற்பதில்லை. அங்கே குளிர்காற்றே அதிகம். இந்த வேறுபாட்டால் கழிவுநீரின் அளவும் தன்மையும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஒரு நாட்டின் ஆய்வு முடிவை அப்படியே இன்னொரு நாட்டுக்குத் தூக்கிப் போட முடியாததற்கு இது முதல் காரணம்.

இந்த நீரை ஒழுங்காக, கட்டம் கட்டமாகச் சோதித்தவர்கள் ஜெர்மானியர்கள். பான் பல்கலைக்கழகத்தின் சுகாதாரவியல் துறை முன்நின்று நடத்திய ஹைரேகா என்ற கூட்டுத்திட்டம் மருத்துவமனை, நகராட்சி, விமானக் கழிவறை, பண்ணை, இறைச்சிக்கூடம் என எல்லா இடங்களிலிருந்தும் வரும் நீரை ஒரே முறையில் ஒப்பிட முயன்றது. அதன் பகுதியாக இரண்டு கோழி ஆலைகளில் 50 மாதிரிகளை உற்பத்தி நீரிலிருந்தும், 32 மாதிரிகளை ஆலையின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தும் எடுத்தார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. மருத்துவமனைகள் அஞ்சும் பாக்டீரியாக் கூட்டத்துக்கு எஸ்கேப் என்றொரு தொகைப்பெயர் உண்டு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ் முதலியவை கோழி ஆலையின் நீரில் கிடைத்தன. செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் இஎஸ்பிஎல் நொதியைச் சுரக்கும் ஈ. கோலை கிடைத்தது. ஈ. கோலையிலும் கிளெப்சியெல்லாவிலும், கோலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு கிடைத்தது. ஆலைக்குள்ளேயே சுத்திகரித்த பிறகும் இவை மிஞ்சியிருந்தன.

எம்சிஆர்-1 ஏன் இத்தனை கலவரத்தை உண்டாக்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். கோலிஸ்டின் 1940-களின் இறுதியில் ஜப்பானில் கண்டெடுத்த பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால் 1970-களில் மனித மருத்துவம் அதை ஓரங்கட்டியது. கால்நடைத் துறை எடுத்துக்கொண்டது. மலிவு, குடலிலேயே வேலை செய்யும். பிறகு மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கத் தோற்க, தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வேறு வழியின்றி அதே கோலிஸ்டினிடம் திரும்பி வந்தன. அந்த நேரத்தில், 2015 நவம்பரில், சீன ஆய்வாளர்கள் குண்டைப் போட்டார்கள்: கோலிஸ்டின் எதிர்ப்பு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ துண்டில் ஏறிவிட்டது. அவர்கள் பார்த்த ஈ. கோலையில், அறுப்புக்கு வந்த பன்றிகளிலிருந்து எடுத்த 804-இல் 166-இலும், கடையில் விற்ற பச்சை இறைச்சியிலிருந்து எடுத்த 523-இல் 78-இலும் அந்த மரபணு இருந்தது. மருத்துவமனை நோயாளிகளிடம் ஒரு சதவீத அளவுக்குத்தான். அது போன திசை எது என்பதை இந்த ஏற்றத்தாழ்வே சொல்லிவிடுகிறது.

நீரில் இருப்பது முதலில் யாரைத் தொடுகிறது? ஆற்றில் குளிப்பவரை என்றுதான் கட்டுரைகள் பொதுவாக எழுதுகின்றன. அதற்கு வெகு முன்பே அது தொழிலாளியைத் தொட்டுவிடுகிறது. நெதர்லாந்தில் மூன்று பன்றி ஆலைகளில் 249 பேரின் மூக்கைத் துடைத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. 14 பேரிடம் எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ், இருந்தது. உயிருள்ள பன்றியோடு வேலை செய்பவர்களுக்கே அபாயம் மிக அதிகம். அதே ஆய்வின் இன்னொரு பகுதி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. காலையில் வேலை தொடங்கும் முன் ஆலையின் சூழலில் எடுத்த மாதிரிகளில், பன்றிகள் காத்திருக்கும் கொட்டடியில் மட்டுமே அந்தப் பாக்டீரியா இருந்தது. மாலையில் அழுக்குப் பகுதியிலும் இருந்தது, சுத்தமான பகுதியிலும் இருந்தது. ஒரு நாள் உற்பத்தி முடிவதற்குள் அது ஆலையை நடந்து கடந்திருக்கிறது. தெறிக்கும் நீர், திவலை, கை, காலணி எல்லாம் அதற்குக் கால்களாகியிருக்கலாம்.

சுத்திகரிப்பு நிலையம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். இறைச்சிக்கூடத்து நீர் சாதாரணச் சாக்கடை நீரைவிடப் பலமடங்கு கனமானது. ரத்தத்தின் பிஓடி மட்டுமே லிட்டருக்கு ஒன்றரை லட்சம் மில்லிகிராம் அளவில் நிற்கும். வீட்டுச் சாக்கடையில் அது சில நூறு. ஆகவே சல்லடை, கொழுப்புப் பிரிக்கும் தொட்டி, காற்றூட்டிய உயிர்ச்சேற்றுத் தொட்டி, தெளியவைக்கும் தொட்டி என்ற வரிசை முழுவதும் அந்தக் கனத்தைக் குறைக்கவே வடிவமைக்கப்பட்டது. பாக்டீரியா குறைவது கூடவே கிடைக்கும் லாபம். நன்றாக நடக்கும் நிலையம் 99 சதவீதத்தை எடுத்துவிடும் என்பார்கள். கேட்க நிறைவாக இருக்கும். 100 மில்லிலிட்டரில் பத்து லட்சம் இருந்தால் 99 சதவீதம் போய் மிஞ்சுவது பத்தாயிரம். அதே நேரம் பிஓடி 1,500-இலிருந்து 30-க்கு இறங்கினால் சான்றிதழ் வந்துவிடும். இரண்டும் ஒரே நிலையத்தில், ஒரே நாளில் நடக்கக்கூடியவை.

எண்ணிக்கையைத் தாண்டிய சிக்கலும் உண்டு. உயிர்ச்சேற்றுத் தொட்டி என்பது பாக்டீரியாக்களுக்குச் சந்தை மாதிரி: நெருக்கம், இளஞ்சூடு, வேண்டிய உணவு, கொடுக்கல் வாங்கல். பிளாஸ்மிட் கைமாறுவதற்கு இதைவிட வசதியான இடம் அமையாது. தொட்டியின் அடியில் தங்கும் சேறு உரமென்று வயலுக்குப் போனால், நீரிலிருந்து நீக்கியது நிலத்தில் சேர்கிறது. குளோரின் போடலாமே என்பது அடுத்த யோசனை. புரதமும் அமோனியாவும் நிறைந்த நீரில் போடும் குளோரினை முதலில் அவையே தின்றுவிடும். எஞ்சுவது வலுக்குறைந்த குளோரமின். புற ஊதா ஒளிக்கு நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். ஓசோனும் மிகநுண் வடிகட்டிச் சவ்வும் வேலை செய்கின்றன. செலவு கையைக் கடிக்கும். இன்னொரு தொல்லை ஆலையைக் கழுவும் மருந்திலேயே இருக்கிறது. குவாட்டர்னரி அமோனியம் கலந்த கிருமிநாசினிகளைத் தாங்கும் மரபணு, சல்ஃபா மருந்தைத் தாங்கும் மரபணுவோடு ஒரே துண்டில் ஒட்டியிருப்பது பாக்டீரியாக்களில் மிகச் சாதாரணம். கழுவும் மருந்தை அரைகுறை வீரியத்தில் ஊற்றினால் ஒன்றோடு மற்றொன்றையும் வளர்க்கிறோம். பன்றித் தீவனத்தில் சேர்த்த துத்தநாக ஆக்சைடும் இதே வழியில் எம்ஆர்எஸ்ஏ-வுக்கு உதவியது. ஐரோப்பிய ஒன்றியம் மருந்தளவுத் துத்தநாகத்தை 2022 ஜூனோடு நிறுத்தியது.

இவ்வளவையும் படித்தவர், ஆலைக் குழாயின் வாயில் பெருநோய் காத்திருக்கிறது என்று முடிவு கட்டக்கூடும். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. நெதர்லாந்தில் பொதுமக்களின் குடலில் இருக்கும் இஎஸ்பிஎல் ஈ. கோலை எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. சுமார் 60 சதவீதம் மனிதரிடமிருந்து மனிதருக்கு, 19 சதவீதம் உணவிலிருந்து. ஆறு ஏரிகளில் நீந்துவதும் காட்டுப் பறவைகளும் சேர்ந்து 2.6 சதவீதம்தான். அதே ஆண்டில் கிழக்கு இங்கிலாந்தில் கால்நடைகளின் ஈ. கோலையையும் நோயாளிகளின் ரத்தத்தில் கிடைத்த ஈ. கோலையையும் மரபணுவரிசையோடு ஒப்பிட்ட ஆய்வு, இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு குடும்பங்கள் என்று காட்டியது. கடைசி ஆயுதமான கார்பபெனெம் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் முக்கியமாக மருத்துவமனை நீரில் கிடைக்கின்றன. இறைச்சிக்கூடத்து நீர் அந்த விஷயத்தில் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. இறைச்சிக்கூடத்தைக் கைகாட்டிவிட்டு மருத்துவமனைச் சாக்கடையை மறப்பவர்களுக்கு இது பதில்.

இருந்தும் அந்த 2.6-ஐ எடுத்துக்கொண்டு நாம் நிம்மதியாக உறங்க முடியாது. நெதர்லாந்தில் குழாய் நீர் காக்கப்பட்டது, சாக்கடை மூடப்பட்டது, நீந்துவது பொழுதுபோக்கு. வாய்க்கால் நீரில் கீரை விளையும் ஊரில், மழைக்காலத்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கலக்கும் நகரத்தில் அந்தப் பங்கு வேறாக இருந்தே தீரும். புதுதில்லியின் பொது நீரைச் சோதித்து 2011-இல் வெளியான ஆய்வில், கார்பபெனெம் மருந்துகளை முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணு தெருவோரம் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குடிநீர்க் குழாயின் 50 மாதிரிகளில் 2-இலும் கிடைத்தது. அது இறைச்சிக்கூடத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வந்த எதுவும் எவ்வளவு எளிதாகக் குடிநீர்வரை போகும் என்பதற்குச் சாட்சி.

எங்கே கைவைத்தால் பலன் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குழாயின் இறுதியில் என்ன கருவி பூட்டினாலும், பண்ணையில் மருந்து குறைந்த இடங்களில்தான் எண்கள் உண்மையாகவே இறங்கியிருக்கின்றன. தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் சேர்ப்பதைச் சீனா 2017-இல் நிறுத்தியது. 2015-16-இல் பன்றிகளின் ஈ. கோலையில் 34 சதவீதமாக இருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு 2017-18-இல் 5.1 ஆனது, கோழிகளில் 18.1-இலிருந்து 5. கனடாவின் கியூபெக்கில் குஞ்சுபொரிப்பகங்கள் முட்டையில் செஃபலோஸ்போரின் வகை மருந்தான செஃப்டியோஃபரை ஏற்றுவதை 2005-இல் தாமாகவே நிறுத்தியதும் கோழி இறைச்சியிலும் மனிதரிலும் அந்த வகை எதிர்ப்புள்ள சால்மொனெல்லா சரிந்தது. ஜெர்மனியில் கால்நடைகளுக்கு விற்ற ஆன்டிபயாடிக் 2011-இல் 1,706 டன். 2022-இல் 540 டன். அங்கு இறைச்சித் தொழில் படுத்துவிடவில்லை. மருந்தை நிறுத்தினால் கோழி வளர்ப்பே அழியும் என்று வாதாடுபவர்கள் இந்த எண்ணுக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறோம். இந்திய மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி, ஆன்டிபயாடிக் கொள்கை வேண்டுமென்று குரல் கொடுத்த 2012-ஆம் ஆண்டுப் பிரகடனம் சென்னையின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. தில்லி வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளை எடுத்து, 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருப்பதை அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் வெளியிட்டது. உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. கழிவுநீரில் மட்டும் அடி சறுக்குகிறது. மருந்து ஆலைகளின் கழிவில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் வரம்பு வைக்க 2020 ஜனவரியில் வரைவு வந்தது. 2021-இல் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த வரம்புகள் காணாமல் போயிருந்தன. மருந்தையே செய்யும் ஆலைக்கு வரம்பு இல்லாதபோது, ஆட்டையும் கோழியையும் அறுக்கும் கூடத்துக்கு யார் வைப்பார்கள்?

வைத்தாலும் எந்தக் குழாயில் வைப்பது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. சென்னையில் பெரம்பூர், சைதாப்பேட்டை போன்ற இடங்களில் மாநகராட்சியின் ஆட்டுத்தொட்டிகள், அதாவது அறுப்புக்கூடங்கள், இருக்கின்றன. அங்கே ஒரு வடிகால் உண்டு, ஒரு பொறுப்பாளர் உண்டு. கோழியின் கதை வேறு. தமிழ்நாட்டில் கோழியை உயிரோடு வாங்கி, கண்முன்னே அறுத்து, உரித்து வாங்குவதுதான் இன்றும் பெருவழக்கம். பல்லடத்துக் கோழி லாரியேறி வந்து தெருமுனைக் கடையில் முடிகிறது. கடைக்கு ஒரு வாளி, ஒரு டிரம், ஒரு கத்தி, ஒரு கட்டை; கழுவிய நீர் வாசலில் இருக்கும் மழைநீர்க் கால்வாய்க்குள். ஜெர்மனியில் ஓர் ஆலையின் ஒரே குழாயில் போவது இங்கே ஆயிரம் வாசல்களில் பிரிந்து போகிறது. 2016-இன் வரம்புகள் இந்தக் கடையை எட்டுவதே இல்லை. சான்றிதழோடு இயங்கும் பெரிய ஆலையைக் குறைசொல்லும் ஆய்வுகள் நிறைய வருவதற்கும் இந்தக் கடைகளைப் பற்றிய ஆய்வுகள் அருகியிருப்பதற்கும் ஒரே காரணம்தான்: ஆலையில் மாதிரி எடுப்பது சுலபம்.

சோதனை கடினமானது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ட்ரைசைக்கிள் என்ற எளிய நெறிமுறையை வெளியிட்டது. நோய்க்கிருமிகளையெல்லாம் தேடி அலையாமல் இஎஸ்பிஎல் ஈ. கோலை ஒன்றை மட்டும் மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றிலும் ஒரே விதமாக எண்ணச் சொல்கிறது. சுற்றுச்சூழல் பகுதியில் ஆற்றின் மேற்புறம், கீழ்ப்புறம், நகரச் சாக்கடை இவற்றோடு விலங்கு அறுக்கும் இடத்தின் கழிவுநீரும் அதில் இடம்பெற்றிருக்கிறது. வேண்டியவை இரண்டு வளர்ப்புத் தட்டுகள்: ஒன்று வெறுமனே, மற்றொன்று மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் செஃபோடாக்சிம் சேர்த்தது. முதலாவதில் மொத்த ஈ. கோலை, இரண்டாவதில் மருந்துக்கு அடங்காதவை. இரண்டுக்கும் உள்ள விகிதமே விடை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரியான இடத்தில் முதுநிலை மாணவர் ஒருவர் செய்யக்கூடிய வேலை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய நகரக் கழிவுநீர் ஆணையில் பெரிய நகரங்களின் நீரில் மருந்தெதிர்ப்பைக் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நகரத்தின் பொது நிலையத்துக்கு வந்து சேரும்போது கோழியின் நீரும் மருத்துவமனையின் நீரும் வீட்டு நீரும் கலந்துவிட்டிருக்கும். யாருடையது எது என்று பிறகு பிரிப்பது மரபணுவரிசை ஆய்வுக்கே திண்டாட்டம். கலப்பதற்கு முன்னால், அறுக்கும் இடத்தின் வடிகாலிலேயே எடுக்க வேண்டும்.

எடுக்கும் நேரமும் முக்கியம். நம் ஆட்டுத்தொட்டிகளில் வேலை விடியலுக்கு முன் தொடங்கிக் காலையோடு முடிந்துவிடும். கடைகளில் வியாபாரம் ஞாயிற்றுக்கிழமையில் குவியும். ஆய்வாளர் புதன்கிழமை பிற்பகலில் அலுவலக நேரத்தில் வந்து பாட்டிலை நிரப்பினால், அதில் இருப்பது தரையைக் கழுவி முடித்த கடைசி நீர். வாரம் முழுக்க, அறுப்பு நடக்கும் மணிநேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த மாதிரியே கணக்கில் சேரும். அப்படிச் சேர்க்க ஒருவர் ஞாயிறு விடிகாலை நான்கு மணிக்கு வடிகாலருகே நிற்க வேண்டியிருக்கும்; திட்ட மதிப்பீட்டில் அவருடைய கூலிக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.